கூட்டாளியப் பாத்துப் புடி!

ஹாஸ்டலில் யாருக்கும் பெயர் கிடையாது பாஸ். ஊர்தான் பெயர். அப்பா அம்மா யோசித்து யோசித்து வைத்த பெயர், ஞானஸ்நானத்தில் சாமியார் தண்ணி ஊற்றிக் கொடுத்த பெயர், டென்த் மார்க் ஷீட்டில் இருக்கிற பெயர்... எல்லாம் கேட்டுக்கு வெளியே. உள்ளே நுழைந்ததும் நீ ஒரு பஸ் ஸ்டாண்டு! நான் 'தூத்துக்குடி'. என் ரூம்மேட் 'தேனி'. எதிர் ரூமில் 'வள்ளியூர்'. ஒரே ஊரிலிருந்து ரெண்டு பேர் வந்துவிட்டால் ஒருத்தன் 'பழைய பஸ் ஸ்டாண்டு', இன்னொருத்தன் 'புது பஸ் ஸ்டாண்டு'. நாலு வருஷம் கூடப் படித்தவனின் நிஜப் பெயர் கல்யாணப் பத்திரிகை வந்தபிறகு தெரிந்த கதையெல்லாம் உண்டு.

2004-ல் இன்ஜினீயரிங் படிக்க கோயம்புத்தூர் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட வந்த அம்மா, கழுத்தில் கிடந்த உத்தரியத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாக ஒரே ஒரு அட்வைஸ்தான் கொடுத்தாள். "கூட்டாளியப் பாத்துப் புடி. நம்ம வேதக்காரப் பையன்களா பாத்துச் சேந்துக்க. ஞாயித்துக்கெழம பூசைய விட்றாத." எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றுதான் சொல்வது. அம்மாவுக்கு ஃபார்முலா சிம்பிள். வேதக்காரப் பையன் என்றால் நல்ல பையன். பூசைக்குப் போகிற பையன் என்றால் ரொம்ப நல்ல பையன்.

இந்த வருஷம் அக்கா மகனை காலேஜுக்கு பஸ் ஏற்றிவிடப் போனோம். அதே அம்மா, அதே ஜன்னல், அதே வசனம்! பையன் இந்தக் காலத்துப் பையன். என்னைப் பார்த்து, "மாமா, நல்ல ஃபிரெண்டுன்னு நெத்தியில எழுதியா ஒட்டிருக்கும்?" என்றான். சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்பியிருக்கக் கூடாது. அவனிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் அசிங்கமான கதை. ஹீரோ நான் இல்லை.

போன ரெண்டாவது வாரமே அம்மா சொன்ன மாதிரி ஒரு செட் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் நாலு பேர். லீடர் வள்ளியூர். கீபோர்டு வாசிப்பான், சர்ச் கொயரில் சேர்ந்துவிட்டான், ஃபாதரிடமே ஜோக் அடிக்கிற அளவுக்கு தில்லு. பூசை முடிந்ததும் டீ, பஜ்ஜி. அப்புறம் மேட்னி ஷோ. காசு இருக்கிறவன் கொடுப்பான், இல்லாதவன் வாயால் கொடுப்பான். செம ஜாலி! அவனை வில்லன் மாதிரி எழுதிவிட இப்போதும் மனசு வரவில்லை. அவன் கெட்டவன் இல்லை. எங்களில் யாருமே தனித்தனியாகக் கெட்டவர்கள் இல்லை. சேர்ந்தால்தான் பிரச்னை.

தேனி இதற்கு நேர் எதிர். விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்து, குளித்து, திருநீறு பூசி, புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவான். நான் அடிக்கிற ஜோக்கில் நாலில் ஒன்றுக்குத்தான் சிரிப்பான். அந்த ஒன்றும் நல்ல ஜோக்காக இருக்க வேண்டும். டீ குடித்த இரண்டு ரூபாயைக்கூட ஒரு நோட்டில் எழுதி வைப்பான். "மொக்கைடா உன் ரூம்மேட்" என்பான் வள்ளியூர். ஆமாம் என்பேன். தேனி காதில் விழுகிற மாதிரியேதான் சொல்வேன்.

இன்னொருத்தன் உண்டு. திண்டுக்கல். அவன் செட்டில் சேர்ந்தது என்னால்தான். குருமடத்தில் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு, சாமியார் ஆக வேண்டாம் என்று வெளியே வந்தவன். அப்பா இல்லை. மில்லில் வேலை பார்க்கிற அக்காதான் படிக்க வைத்தாள். சர்ச்சில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவனை, "நம்ம காலேஜ்தானே, வா மச்சி" என்று கூட்டி வந்தேன். யாரோ தன்னைக் கூப்பிட்டதே அவனுக்குப் பெரிய விஷயம். அதற்கப்புறம் நான் எங்கே நின்றாலும் பக்கத்தில் நிற்பான். என் ரெக்கார்டு நோட்டை எழுதித் தருவான். எனக்கும் அது பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தன் நம்மை அண்ணாந்து பார்க்கிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

2006 ஜனவரி கடைசி. செகண்ட் இயர். ஊட்டி டிரிப் போகலாம் என்று வள்ளியூர் கிளப்பினான். தலைக்கு ஆயிரத்துச் சொச்சம். என் கையில் அம்மா அனுப்பிய 2,400 ரூபாய் இருந்தது. ரெண்டு மாச மெஸ் பில். "மெஸ் பில்லு எங்கடா ஓடிப் போகுது" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். திண்டுக்கல்லிடமும் மெஸ் காசு இருந்தது. "வேணாம்டா, அக்கா காசு" என்றான். மூணு தடவை சொன்னான். நான் அவன் தோளில் கை போட்டு, "நாங்கள்லாம் இருக்கோம்ல!" என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் நம்பர் ஒன் அதுதான். சொல்லும்போது அது பொய் என்று எனக்கே தெரியாது. அதான் கொடுமை.

ஊட்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குளிர். சுமோ. முதல் முறையாகக் குடித்தேன். வாந்தி எடுத்தேன். போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறோம்.

திரும்பி வந்த ரெண்டாவது வாரம் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட். காசு கட்டாதவர்களுக்கு மெஸ் கட். செட்டில் மற்றவர்கள் வீட்டுக்கு போன் போட்டு ஆளுக்கொரு கதை விட்டுச் சமாளித்துவிட்டார்கள். எனக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அம்மா பக்கத்து வீட்டு போனில்தான் பேசுவாள். நான் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். எனவே தேனியிடம் கேட்டேன். "அம்மாகிட்ட பேசுடா. லேப் ஃபீஸ் புதுசா கேக்குறாங்கன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

நோட்டை மூடி வைத்துவிட்டு, "பொய் சொல்ல மாட்டேன்" என்றான். "என்கிட்ட ஐந்நூறு ரூவா இருக்கு. எடுத்துக்க. மீதிக்கு உங்கம்மாகிட்ட உண்மையச் சொல்லு. நான் வேணா பக்கத்துல நிக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு ஹெல்ப்புக்கு வக்கில்லாத நீயெல்லாம் ஃபிரெண்டா?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கே வள்ளியூர் அம்மாவுக்கு போன் போட்டான். என்ன குரல், என்ன நடிப்பு! "ஆன்ட்டி, உங்க பையன் தங்கம் ஆன்ட்டி" என்றெல்லாம் எக்ஸ்ட்ரா போட்டான். நாலாவது நாள் காசு வந்துவிட்டது. அம்மா காதில் கிடந்தது அடகுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும். வள்ளியூர்தான் உயிர்த் தோழன் என்று முடிவு செய்தேன். தேனியோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஒரே ரூமில் ரெண்டு மாசம் பேசாமல் இருப்பது எப்படி என்று யாருக்காவது டிப்ஸ் வேண்டுமானால் என்னிடம் கேட்கலாம்.

திண்டுக்கல்லுக்கு யார் போன் போட்டது? யாரும் போடவில்லை. அவன் அக்காவிடம் கேட்க மாட்டேன் என்றான். சரி, விடு என்றோம். "நாங்கள்லாம்" இருந்தோம்... மெஸ்ஸில்.

அவன் ராத்திரியில் ஒரு புரோட்டா கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்தான். ரெண்டு மணிக்கு வந்து படுப்பான், காலை கிளாஸுக்கு எழ முடியாது. ஒரு நாள் ராத்திரி ஷோ முடிந்து நாங்கள் அதே கடைக்குச் சாப்பிடப் போனோம். டேபிள் துடைக்க வந்தான். ஒரு செகண்டு எல்லோரும் அமைதி. அப்புறம் வள்ளியூர், "என்ன மச்சி, பார்ட் டைமா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். திண்டுக்கல்லும் சிரித்தான். கிளம்பும்போது நான் ஒரு காரியம் செய்தேன். டேபிளில் அஞ்சு ரூபாய் டிப்ஸ் வைத்தேன். காமெடிக்கு.

மார்ச் கடைசியில் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் லிஸ்ட் வந்தது. 75 சதவீதம் இல்லாவிட்டால் செமஸ்டர் எழுத முடியாது, வருஷம் போச்சு. அவன் பெயர் இருந்தது. நாங்கள் ஒரு சனிக்கிழமை படம் பார்த்துவிட்டு ரூமுக்குத் திரும்பினால், ரெண்டு மாசமாகப் பேசாத தேனி வாயைத் திறந்தான். "திண்டுக்கல் ஊருக்குப் போயிட்டான். வர மாட்டானாம். உன்னப் பாத்துட்டுப் போகணும்னு உன் கட்டில்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான்தான் கொண்டு போய் ஏத்திவிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

அந்த வருஷம் பரிசுத்த வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்கு: செய்த தப்பை மனஸ்தாபப்பட்டு சாமியார் காதில் சொல்வது, மன்னிப்பு வாங்குவது, அவர் கொடுக்கிற பரிகாரத்தைச் செய்வது. அதுதான். வருஷா வருஷம் ஒரே லிஸ்ட்டை ஒப்பிப்பேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்கு லேட்டா போனேன். இந்தத் தடவை ஊட்டியிலிருந்து அஞ்சு ரூபாய் வரை சொன்னேன். ஆனால் எல்லா வாக்கியத்தையும் "கூட்டாளிகளோட சேந்து..." என்றே ஆரம்பித்தேன். வயசான ஃபாதர். தூங்குகிறாரோ என்று நினைத்தேன். நடுவில் நிறுத்தினார்.

"கூட்டாளிங்க வந்திருக்காங்களா?"

"இல்ல ஃபாதர்."

"அப்ப நீ செஞ்சத மட்டும் சொல்லு."

திரும்ப முதலிலிருந்து சொன்னேன். 'நான்' என்று ஆரம்பித்துச் சொல்லிப் பாருங்கள், அதே கதை வேறு கதையாக இருக்கும். பரிகாரமாக ஜெபம் கொடுத்தார். கூடவே, "அந்தப் பையனுக்குச் சேர வேண்டியது எதுவோ, அதைக் கொண்டு போய்ச் சேர்த்துரு" என்றார்.

லீவில்தான் அகுஸ்தினாரின் பேரிக்காய்க் கதையை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். கேள்விப்பட்டிருப்பீர்கள். வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிற தகாஸ்தே என்ற ஊர். 16 வயசுப் பையன் அகுஸ்தின், ராத்திரியில் செட்டோடு போய் அடுத்தவர் மரத்துப் பேரிக்காயை உலுக்கிக்கொண்டு வருகிறான். பசி இல்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருக்கிறது. பேருக்குக் கொஞ்சம் கடித்துவிட்டு மீதியைப் பன்றிக்குப் போட்டுவிடுகிறார்கள். பெரிய ஆயராகி, நாற்பது வயசைத் தாண்டி 'ஒப்புதல்கள்' எழுதும்போது, இந்தச் சில்லறைத் திருட்டுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறார். ஏன் செய்தேன் என்று திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறார். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்கிற இடத்துக்கு வந்து சேர்கிறார். படித்தபோது எனக்கு ஜில்லென்று இருந்தது. ஏனென்றால் "தனியா இருந்தா செஞ்சிருக்க மாட்டேன்" என்று எங்கள் செட்டில் அஞ்சு பேருமே சத்தியம் பண்ணுவோம். அஞ்சு நல்லவர்கள் சேர்ந்து ஒரு பையனைப் பட்டினி போட்டோம். ஆனால் அகுஸ்தினார் அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துக்கொள்ளவில்லை. திருட்டைத் தன் பெயரில்தான் எழுதிக்கொள்கிறார்.

எங்கள் பைபிளில் சீராக்கின் ஞானம் என்று ஒரு புத்தகம் உண்டு. புராட்டஸ்டண்ட் நண்பர்களின் பைபிளில் இருக்காது. அதில் 6-ம் அதிகாரத்தில் ஒரு பகுதி ஃபிரெண்ட்ஸ் மேட்டர்தான். நண்பனைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள், அவசரப்பட்டு நம்பாதே என்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் கூட உட்கார்ந்துவிட்டு, கஷ்டம் வரும்போது காணாமல் போகிறவனைப் பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்தபோதெல்லாம் நான் எனக்குத் தெரிந்த பையன்களை ஒவ்வொருவராக அந்த லிஸ்ட்டில் பொருத்திப் பார்ப்பேன். ஜாலியான விளையாட்டு. இந்தத் தடவை படித்தபோது பந்தியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இங்கேதான் அம்மாவின் ஃபார்முலா இடிக்கிறது. "கூட்டாளியப் பாத்துப் புடி" என்கிற எல்லா அம்மாக்களும், தன் பிள்ளை தங்கம், ஊர்ப் பிள்ளைகள்தான் தகரம் என்ற கணக்கில் சொல்கிறார்கள். திண்டுக்கல்லின் அக்காவும் அவனுக்கு அதையேதான் சொல்லி அனுப்பியிருப்பாள். அவனும் பார்த்துத்தான் பிடித்தான். வேதக்காரப் பையன், பூசைக்குப் போகிறவன், உத்தரியம் போட்டவன். என்னைப் பிடித்தான்.

ரூம்மேட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சவேரியாரைத் தெரியாத பிள்ளை கிடையாது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். மணப்பாட்டில் கடலோரம் அவர் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகைக்கு லீவு விட்டால் சைக்கிள் மிதித்துப் போவோம். கையில் சிலுவையோடு வானத்தைப் பார்க்கிற படம்தான் நமக்குத் தெரியும். அவருக்கும் ஒரு ஹாஸ்டல் லைஃப் இருந்தது, அதிலும் ஒரு 'மொக்கை' ரூம்மேட்டோடு இருந்தார் என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்தது.

பாரிஸில் செயின்ட் பார்ப் கல்லூரி. 1529. சவேரியாருக்கு 23 வயசு. நவார் நாட்டுப் பெரிய வீட்டுப் பிள்ளை, ஸ்போர்ட்ஸில் கில்லி, படிப்பை முடித்துவிட்டுப் பெரிய பதவிக்குப் போக வேண்டும் என்று கனவு. கூட இருந்தவர் அதே வயசு பீட்டர் ஃபேபர். சவோய் மலைப் பகுதியில் ஆடு மேய்த்த வீட்டிலிருந்து வந்த சாதுப் பையன். இவர்கள் ரூமுக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தார் லொயோலா இஞ்ஞாசியார். வயசு கிட்டத்தட்ட 38! பீரங்கிக் குண்டு பட்டு ஒரு கால் விந்தி விந்தி நடக்கிற மாஜி வீரர். படிப்புச் செலவுக்குப் பிச்சை எடுப்பார். யோசித்துப் பாருங்கள், உங்கள் ரூமுக்கு அப்படி ஒரு அங்கிள் வந்தால் எப்படி இருக்கும்? சவேரியார் கலாய்த்துத் தள்ளியிருக்கிறார். ஃபேபர் சீக்கிரமே இஞ்ஞாசியாரோடு ஒட்டிக்கொண்டார். சவேரியார் மசிய சில வருஷம் ஆனது. அந்த வருஷங்களில் இஞ்ஞாசியார் உட்கார்ந்து பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. சவேரியார் பாடம் நடத்த ஆரம்பித்தபோது மாணவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்தார். காசு முடை வந்தபோது காசு புரட்டிக் கொடுத்தார்.

1535-ல் சவேரியார் தன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பாரிஸில் தம்பி யாரோடோ சேர்ந்து கெட்டுப்போகிறான் என்று வீட்டுக்குப் புரளி போயிருந்த நேரம். (அப்பவே இதெல்லாம் உண்டு!) அதில், கஷ்டத்தில் காசும் ஆளும் கொடுத்து உதவியவர் இஞ்ஞாசியார் என்கிறார். அனுபவம் இல்லாததால் தன்னால் அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் போன கெட்ட சகவாசத்திலிருந்து தன்னைப் பிரித்தவரும் அவர்தான் என்கிறார். சவேரியாருக்கே அடையாளம் தெரியவில்லை பாஸ்! அதற்கு முந்தின வருஷம், 1534 ஆகஸ்ட் 15-ம் தேதி, பாரிஸ் மோன்மார்த்தர் குன்றில் ஏழு பேர் சேர்ந்து எடுத்த வார்த்தைப்பாட்டில் இந்த மூன்று ரூம்மேட்டும் உண்டு. இயேசு சபைக்கு அதுதான் விதை.

எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். சவேரியார் இந்தியா வந்து, இங்கிருந்து இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகள் வரை போகிறார். அங்கிருந்து 1546-ல் எழுதிய கடிதத்தில் ஒரு ரகசியம் சொல்கிறார். நண்பர்கள் அனுப்பிய கடிதங்களில் அவரவர் கையால் போட்ட பெயர்களை மட்டும் வெட்டி எடுத்துத் தன்னோடு எப்போதும் வைத்திருக்கிறாராம். செல்போன் இல்லாத காலத்துக் கான்டாக்ட் லிஸ்ட்! இஞ்ஞாசியாரையும் சவேரியாரையும் 1622-ல் புனிதர்கள் ஆக்கினார்கள். சாதுப் பையன் ஃபேபருக்கு மட்டும் 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரியர் கிளியர் ஆகாமல் நிற்கிற நம்மாட்களுக்கு இது ஆறுதல்.

இதையெல்லாம் படித்தால் நல்ல நண்பன் என்றால் ஜெபமாலையும் கையுமாக, சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறவன் என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. 2025 செப்டம்பர் 7-ல் புனிதராக்கப்பட்ட பியர் ஜோர்ஜியோ ஃபிரசாத்தியும் ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட்தான். இத்தாலி, தூரின் நகரம். சுரங்கத் துறை. பரிட்சை விஷயத்தில் நம்ம ஜாதி, தட்டுத் தடுமாறித்தான் போனார். 1924-ல் மலையேறுகிற நண்பர்களைச் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பித்து, அதற்கு 'திருட்டு முழிக்காரர்கள்' என்கிற மாதிரிப் பெயர் வைத்தார்கள். சேட்டை, பாட்டு, பட்டப்பெயர், கூடவே ஜெபம். 1925-ல் இளம்பிள்ளைவாதம் தாக்கி 24 வயசில் இறந்தார். அவர் யாருக்கும் தெரியாமல் உதவிய ஏழைகள் அடக்கத்துக்குத் திரண்டு வந்தபோதுதான், பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரிந்ததாம்.

வள்ளியூர் செட்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முகத்தில் அடித்த மாதிரி வெட்டிவிடவில்லை. தைரியமும் இல்லை. 12-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரீவோ மடத்தின் தலைவராக இருந்த ஆல்ரெட் என்பவர் ஆன்மீக நட்பு பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தேர்ந்தெடு, சோதித்துப் பார், அப்புறம் உள்ளே விடு என்று படிப்படியாகச் சொல்பவர், பிரிய வேண்டி வந்தால் எப்படிப் பிரிவது என்பதையும் விடவில்லை. துணியைக் கிழிக்கிற மாதிரி இல்லை, தையலைப் பிரிக்கிற மாதிரி மெதுவாகப் பிரியச் சொல்கிறார். பிரிந்த பிறகும் அவன் ரகசியம் உன் பொறுப்பு என்கிறார். அது மாதிரி ஏதோ நடந்தது. மேட்னிக்குப் போவது குறைந்தது. பஜ்ஜி தொடர்ந்தது. வள்ளியூர் இப்போது குடும்பஸ்தன், கிறிஸ்துமஸுக்கு மெசேஜ் அனுப்புவான். அவன் மனசிலும் திண்டுக்கல் இருக்கிறானா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இயேசு ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். அதிலேயே ஒருத்தர் காட்டிக்கொடுத்தார், ஒருத்தர் 'யாருன்னே தெரியாது' என்றார். அந்த ரெண்டாவது ஆளை அவர் திரும்பச் சேர்த்துக்கொண்டார் என்பதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபாதர் சொன்ன பரிகாரம் பாக்கி இருந்ததே. அந்த மே மாசம் தூத்துக்குடியில் மாமா கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரு மாசத்துக்கு 1,500 ரூபாய். திண்டுக்கல்லின் ஊட்டிக் கணக்கு 1,150. அந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், தேனியின் நோட்டில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கேட்டு எழுதி வைத்திருக்கிறான். ஜூனில் தேனிக்குக் கடிதம் போட்டேன். சாரி என்று எழுத நாலு தாள் கிழித்தேன். கடைசியில், "திண்டுக்கல் போறேன். வர்றியா?" என்று மட்டும் எழுதினேன். வந்தான்.

டவுனிலிருந்து மினி பஸ். ஒரு சின்ன ஊர். தேனி ஸ்டாப்பிலேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். "நீ போயிட்டு வா." ஓட்டு வீடு. அக்காதான் இருந்தாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த முகம். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கிறான், மாசம் ஒருமுறைதான் வருவான் என்றாள். சொம்பில் தண்ணி கொடுத்தாள். கவரை நீட்டினேன். "அவன் என்கிட்ட குடுத்து வச்ச காசுக்கா" என்றேன்.

எண்ணிப் பார்த்தாள். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான தூத்துக்குடி?"

"ஆமாக்கா."

"உங்களப் பத்தித்தான் தம்பி எப்பப் பாத்தாலும் பேசும். அங்க போனதுல ஒரு நல்ல கூட்டாளி கெடச்சான்க்கான்னு சொல்லும்." நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள். "பஸ்ஸுக்கு வச்சுக்கங்க. அம்புட்டு தூரத்துலருந்து வந்துருக்கீங்க."

எப்படி வெளியே வந்தேன் என்று ஞாபகம் இல்லை. டீக்கடை பெஞ்சில் தேனி எனக்கும் ஒரு டீ சொன்னான்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"சொன்னியா?"

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டீக்குக் காசு கொடுத்தான். பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். பிறகு கடைக்காரரிடம் டவுனுக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டான்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்காம்" என்றான். "போயிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். நூறு ரூபாய்த் தாள் இன்னும் கையிலேயே இருந்தது.